நள்ளிரவில் சுருளும் பாதம்

நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்போம். போர்வைக்குள் காலை நீட்டி லேசாகச் சோம்பல் முறித்திருப்போம், அவ்வளவுதான். உள்ளங்காலின் வளைவுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இறுகும். கட்டைவிரல் ஒரு பக்கமாக விலகி நிற்கும், அடுத்த விரல் அதன்மேல் ஏறிக்கொள்ளும், மற்றவை உள்நோக்கி மடங்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நம் பாதம் நம் பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் முறுக்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். "நரம்பு இழுக்குது" என்று வீட்டில் சொல்வது இதைத்தான். சிலருக்குச் சில நொடிகளில் விட்டுவிடும். சிலருக்குப் பத்து நிமிடம் வரை படுத்தும். விட்ட பிறகும் மறுநாள் முழுக்க அந்த இடம் தொட்டால் வலிக்கும்.

வந்தவுடன் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்க்கலாம். எழுந்து உட்காருங்கள். ஐந்து விரல்களையும் கையால் சேர்த்துப் பிடித்து, முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குனிய முடியாதவர்கள் ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி இரு முனைகளையும் இழுக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் கட்டிலைப் பிடித்தபடி எழுந்து, பிடித்துக்கொண்ட காலைத் தரையில் முழுக்கப் பதித்து, உடல் எடையை அதன்மேல் கொடுங்கள். வயதானவர்கள் கையில் பிடிமானம் இல்லாமல் எழுந்திருக்க வேண்டாம். பிடிப்பைவிடத் தடுமாறி விழுவது பெரிய ஆபத்து. இறுக்கம் தளர்ந்ததும் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அநேகமாக இது போதும்.

ஏன் போதும் என்பதில்தான் இந்தத் தொல்லையின் மர்மம் பாதி இருக்கிறது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கால் தோலுக்கு அடியில் சிறிய தசைகள் நான்கு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. கெண்டைக்கால் தசை முழங்காலுக்கு அருகில் தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. இந்தச் சின்னத் தசைகளோ பாதத்துக்குள்ளேயே தொடங்கிப் பாதத்துக்குள்ளேயே முடிகின்றன. அவற்றில் ஒன்றை நீங்கள் இப்போதே தொட்டுப் பார்க்கலாம். உள் கணுவுக்குக் கீழே, பாதத்தின் உள் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மற்ற விரல்களிடமிருந்து விலக்க முயலுங்கள். தோலுக்கு அடியில் ஒரு சதை திரண்டு எழும். கட்டைவிரலை விலக்கும் தசை அது. பாதத்தில் அடிக்கடி பிடித்துக்கொள்வதும், ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே பிடிப்பை வரவழைத்துப் பார்க்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுப்பதும் இதுவும் இதன் அண்டைத் தசைகளும்தான்.

தசை சுருங்குவது தண்டுவடத்தின் உத்தரவால். அங்கிருக்கும் இயக்க நரம்பணுக்கள் அனுப்பும் மின் துடிப்பு நரம்பின் முனைக்கு வந்ததும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசியும். அது தசை இழையைத் தூண்ட, இழைக்குள் சேமித்து வைத்திருந்த கால்சியம் வெளிப்படும். உடனே மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி, தேர்வடம் பிடிப்பவர்கள் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல் இழுக்கின்றன. பிடியை விடுவதற்கும் ஆற்றல் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் மயோசின் தன் பிடியைத் தளர்த்தும். கால்சியத்தைப் பழைய இடத்துக்கு இறைத்து அனுப்பவும் அதே ஏ.டி.பி. வேண்டும். இறந்த உடல் விறைத்துப்போவது அது தீர்ந்துபோவதால்தான்.

உத்தரவு எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைத் தண்டுவடம் தனியாக முடிவுசெய்வதில்லை. தசையிலிருந்து இரண்டு விதமான தகவல்கள் ஓயாமல் அதற்கு வந்துகொண்டிருக்கின்றன. தசையின் சதைப்பகுதிக்குள் புதைந்திருக்கும் உணரிகள் நீட்சியை அளந்து, "சுருங்கு" என்று தூண்டுகின்றன. தசை எலும்போடு சேரும் நாணில் இருக்கும் உணரிகள் இழுவிசையை அளந்து, "போதும், தளர்" என்று அடக்குகின்றன. இந்த இரண்டாவது உணரிக்குக் கோல்ஜி உறுப்பு என்று பெயர். 1906-இல் நோபல் பரிசு பெற்ற இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜியின் பெயர் அது. தூண்டலும் அடக்கலும் சமமாக இருக்கும்வரை தொல்லை இல்லை.

தசை களைத்துப்போகும்போது தூண்டும் குரல் ஓங்குகிறது, அடக்கும் குரல் தேய்கிறது. போதாக்குறைக்கு, தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்தால் நாணில் இழுவிசை இருக்காது. கோல்ஜி உறுப்புக்குத் தகவல் அனுப்ப எதுவுமே இருக்காது. அந்த நேரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் ஏற்பட்டால் அதை நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. நரம்பணு விடாமல் சுட்டுத்தள்ளுகிறது, தசை கல்லாக இறுகுகிறது. தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்நஸ் 1997-இல் முன்வைத்த விளக்கம் ஏறக்குறைய இதுதான். விரல்களை முழங்கால் பக்கம் இழுப்பது ஏன் வேலை செய்கிறது என்பது இப்போது விளங்கும். அந்த இழுப்பில் நாண் விறைக்கிறது, கோல்ஜி உறுப்பு விழிக்கிறது, தண்டுவடத்துக்கு அடக்கும் தகவல் போகிறது. சதையை நாம் வலுக்கட்டாயமாக நீட்டிவிடுவதாக நினைக்கிறோம். நடப்பது அதைவிட நுட்பமானது.

தூங்கும்போது நம் பாதம் இருக்கும் நிலையை யோசித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் போர்வையின் எடையே முன்பாதத்தைக் கீழே சாய்த்துவிடும். குப்புறப் படுத்தால் கேட்கவே வேண்டாம், விரல் நுனி நேராக நீண்டிருக்கும். இரண்டிலும் கெண்டைக்கால் தசையும் உள்ளங்கால் தசையும் குறுகிக் கிடக்கின்றன. வஜ்ராசனத்தில் உட்காரும்போதும், நீச்சலில் காலை உதைக்கும்போதும் பாதம் இதே நிலையில்தான் இருக்கிறது. யோகா வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வஜ்ராசனத்தில் பாதியில் முகம் சுளித்துப் பாதத்தைப் பிடித்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கலாம். அவர்கள் உடம்பில் எந்தச் சத்தும் அந்த நிமிடத்தில் திடீரென்று குறைந்துவிடவில்லை.

பிடிப்பு சதையில் பிறக்கிறதா, தண்டுவடத்திலா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. இத்தாலியைச் சேர்ந்த மார்க்கோ மினெட்டோவும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட சோதனை இதில் முக்கியமானது. மேலே சொன்ன கட்டைவிரல் தசைக்கு மின் துடிப்புகளைக் கொடுத்து, அவற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் பிடிப்பு வந்தது. பிறகு தசைக்குப் போகும் நரம்பை மரத்துப்போகச் செய்து, தண்டுவடத்தோடு இருந்த தொடர்பைத் துண்டித்துவிட்டு, அதையே மறுபடி செய்தார்கள். இப்போதும் பிடிப்பை வரவழைக்க முடிந்தது. ஆனால் துடிப்புகளை இன்னும் வேகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வந்த பிடிப்பும் சீக்கிரம் விட்டுவிட்டது. நரம்பு முனையில் பொறி பற்றினாலும், அதை எரியவிடுவது தண்டுவடம் என்று புரிந்தது.

இன்னொரு சோதனை உலகெங்கும் பேசப்பட்டது. அமெரிக்காவில் விளையாட்டு வீரர்கள் பிடிப்பு வந்தால் வெள்ளரிக்காய் ஊறவைத்த புளிக்காடி நீரை ஒரு மடக்குக் குடிப்பார்கள். உப்பு சேர்வதால் குணமாகிறது என்று அவர்களுக்கு நம்பிக்கை. கெவின் மில்லரின் குழு இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டது. ஆண்களை வியர்க்க வைத்து உடல் நீரைக் குறைத்து, கட்டைவிரலை மடக்கும் சிறு தசையில் மின்சாரத்தால் பிடிப்பை வரவழைத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தவர்களுக்குப் பிடிப்பு சராசரியாக 134 நொடி நீடித்தது. ஊறுகாய் நீர் குடித்தவர்களுக்கு 85 நொடியில் விட்டுவிட்டது. குடித்தது வயிற்றைத் தாண்டிக் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்து பாதம்வரை போக இந்த நேரம் போதவே போதாது. இரத்தத்தில் உப்பின் அளவும் மாறியிருக்கவில்லை. தொண்டையில் பட்ட புளிப்பின் உறைப்பு நரம்பு வழியாகவே போய், மிகையாகத் துடித்துக்கொண்டிருந்த இயக்க நரம்பணுக்களை அடக்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். 2022-இல் மிச்சிகனில் கல்லீரல் சிரோசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும், பிடிப்பு தொடங்கும்போது ஒரு மேசைக்கரண்டி ஊறுகாய் நீர் பருகியவர்களுக்கு வலியின் கடுமை தணிந்தது.

நம் வீட்டு ஊறுகாய் இதற்கு ஈடாகாது. அது எண்ணெயும் உப்பும் மிளகாயும் சேர்ந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நள்ளிரவில் அதை வழித்துச் சாப்பிடுவது கெடுதல். ஆனால் தொண்டையின் உறைப்பு பாதத்தின் பிடிப்பை அடக்கலாம் என்ற எண்ணம் இரண்டு பெரிய விஞ்ஞானிகளையும் இழுத்தது. செல்களில் அயனிகள் கடந்துசெல்லும் வாயில்களின் அமைப்பைக் கண்டறிந்து 2003-இல் வேதியியல் நோபல் பெற்ற ராட் மெக்கின்னனும், ஹார்வர்டின் புரூஸ் பீனும் கடலில் படகு வலிக்கப் போனபோது பிடிப்பால் அவதிப்பட்டார்கள். இருவருக்கும் அயனி வாயில்கள்தான் வாழ்நாள் படிப்பு. இஞ்சி, இலவங்கப்பட்டை, மிளகாயின் காரப்பொருள் ஆகியவை வாய், தொண்டை நரம்புகளின் குறிப்பிட்ட வாயில்களைத் திறப்பவை. இவற்றைக் கலந்து அவர்கள் உருவாக்கிய பானம் 2016-இல் விற்பனைக்கு வந்தது. அதே வழியில் கடும் நரம்பு நோயாளிகளுக்கு மருந்து செய்யும் முயற்சி, சில நோயாளிகளால் அதைத் தாங்க முடியாததால் 2018-இல் நின்றுபோனது. பிடிப்பு நரம்பின் கோளாறு என்பதற்கு இந்தக் கதை வலுச் சேர்க்கிறது. ஆனால் கைகண்ட மருந்து இன்னும் இதிலிருந்து வரவில்லை.

அப்படியானால் உப்புக் குறைவு என்பதெல்லாம் பொய்யா? இல்லை. அந்தக் கதை சுரங்கத்தில் தொடங்குகிறது. ஆழமான, வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த ஆங்கிலேயத் தொழிலாளர்கள் கொடுமையான பிடிப்பால் துடித்ததை 1923-இல் கே. நெவில் மாஸ் ஆராய்ந்தார். அவர்கள் வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடித்தார்கள் என்பதை அவர் கவனித்தார். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது, பாலைவன வெயிலில் பிடிப்பு வந்து விழுந்த தொழிலாளர்களை ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று பரிசோதித்தது. இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. சிறுநீரில் உப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சிறுநீரகம் அதைக் கஞ்சத்தனமாகப் பிடித்து வைத்திருந்தது. உப்பு நீர் ஏற்றியதும் பிடிப்பு விட்டது. மருத்துவர் மெக்கான்ஸ் 1930-களில் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். உப்பில்லா உணவு உண்டு, வெப்பத்தில் வியர்த்து, உடம்பின் உப்பை வெளியேற்றிப் பார்த்தார். அவருக்கும் உடனிருந்த தன்னார்வலர்களுக்கும் பிடிப்பு வந்தது. வாந்திபேதியில் கால்கள் இழுத்துக்கொள்வதும் இதனால்தான். காலரா நோயாளியின் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்வதை நம் பாட்டிமார்கள் பயத்தோடு நினைவில் வைத்திருந்தார்கள்.

அதே சமயம், ஷ்வெல்நஸ் குழுவினர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 2004-இல் சொன்னது நேரெதிர். பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பிலோ நீர்ச்சத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2011-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியில் பிடிப்புக்கு ஆளானவர்கள் யார் என்று பார்த்தார்கள். வேகமாக ஓடியவர்களும், முன்பே பிடிப்பு வந்த பழக்கம் உள்ளவர்களும்தான் அதிகம் சிக்கினார்கள்.

இரண்டும் முரண் இல்லை என்பது என் கருத்து. வெயிலில் மணிக்கணக்காக வியர்த்து உழைப்பவருக்கு உப்புக் குறைவு உண்மையான காரணம். உடம்பில் பல இடங்களில் அவருக்குப் பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்குபவரின் ஒற்றைப் பாதத்தில் வரும் பிடிப்பு பெரும்பாலும் வேறு சங்கதி. நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லாவற்றுக்கும் "சத்து இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

வெயிலில் உழைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தியை ஆஸ்திரேலியாவில் நடந்து 2019-இல் வெளியான ஒரு சோதனை தருகிறது. வெப்பத்தில் ஓடி வியர்த்தவர்கள் வெறும் தண்ணீர் குடித்தபோது, அவர்களது கெண்டைக்காலில் முன்னைவிட எளிதாகப் பிடிப்பை வரவழைக்க முடிந்தது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த மறுநீரேற்றக் கரைசல் குடித்தபோது அது கடினமானது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சாப்பாட்டு உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் அதில் இருக்கின்றன. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், கஞ்சி ஆகியவற்றை வயலுக்குத் தூக்கில் எடுத்துப்போன வழக்கம் உடம்பு கேட்டதைக் கொடுத்த வழக்கம். இன்று அந்த இடத்தை வெறும் பாட்டில் தண்ணீரும் டீயும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் குடிப்பதற்குத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கும் பெண்மணி ஒருவர் சொன்னார்: "மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டேங்க. பாத்ரூம் போகணும்னா மேல ரெண்டு மாடி ஏறணும். போயிட்டு வர நேரத்தைக் குறிச்சு வச்சுக்குவாங்க. ராத்திரி படுத்தா ரெண்டு காலும் சுருட்டிக்கிட்டு இழுக்கும். சுடுதண்ணியில கல்லுப்பு போட்டுக் காலை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." வெந்நீரின் சூடு அவருக்கு உண்மையாகவே ஆறுதல் தரும், களைத்த தசை தளரும். கல்லுப்பு தோல் வழியாக உள்ளே போய் எதையும் ஈடுகட்டாது. அவர் குடிக்காமல் விட்ட தண்ணீரும், உட்காராமல் நின்ற நேரமும் அப்படியே இருக்கின்றன.

நாள் முழுக்க நிற்பதற்கும் இரவில் கால் பிடிப்பதற்கும் தொடர்பு இருப்பதைத் தென் கொரியாவில் தொழிலாளர்களிடையே நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிற்கும்போது கெண்டைக்காலும் உள்ளங்காலும் ஓய்வில் இருப்பதாகத் தோன்றினாலும், நாம் சாய்ந்துவிடாமல் இருக்க அவை இடைவிடாமல் திருத்தம் செய்துகொண்டே இருக்கின்றன. நடக்கும்போது கிடைக்கும் மாறி மாறிச் சுருங்கி விரியும் ஓய்வு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த இருக்கை ஒவ்வொரு கடையிலும் உண்மையாகவே போடப்பட்டு, உட்கார்ந்தால் யாரும் முறைக்காத நிலை வர வேண்டும். பாதப் பிடிப்புக்கு மாத்திரை தேடும் பல வீடுகளில் தேவைப்படுவது ஒரு முக்காலியும் பக்கத்திலேயே ஒரு கழிப்பறையும்தான்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெக்னீசியம் மிகவும் புகழ் பெற்றது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வயதானவர்களுக்கு வரும் பிடிப்பை மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி தடுக்க வாய்ப்பில்லை என்று முடிவுக்கு வந்தது. கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. வாழைப்பழம் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் உடற்பயிற்சிக்குப் பிறகு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தத்தில் பொட்டாசியம் மிகச் சிறிதளவே, அதுவும் நிதானமாகவே ஏறியது. வந்துவிட்ட பிடிப்புக்கு அது உதவாது.

கொய்னா கதை எச்சரிக்கையோடு கேட்க வேண்டியது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன்தான் அது. அதை எடுக்கும் சிங்கோனா மரத்தை ஆங்கிலேயர்கள் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் பயிரிட்டார்கள். 1940-இல் இரவுப் பிடிப்புக்கு அது உதவுவதாக அமெரிக்க மருத்துவர்கள் எழுத, பல பத்தாண்டுகள் தாராளமாக விழுங்கினார்கள். தசை மறுபடி மறுபடி தூண்டப்படுவதை அது மட்டுப்படுத்துகிறது. ஆகவே ஓரளவு பலன் உண்டு. ஆனால் சிலருக்கு இரத்தத் தட்டணுக்களைத் திடீரென்று சரியவைத்தது, இதயத் துடிப்பைக் குலைத்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1994-இல் பிடிப்புக்காக அதைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுத்தது. 1969 முதல் தனக்கு வந்த புகார்களில் 93 மரணங்கள் இருந்ததாக 2006-இல் அறிவித்து மேலும் கட்டுப்படுத்தியது. இரவில் சில நிமிடம் படுத்தும் வலிக்கு இந்த விலை அதிகம். யாரோ கொடுத்தார்கள் என்று இதை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காசில்லாத வைத்தியத்துக்குத்தான் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேர் ஆறு வாரம் தினமும் தூங்கப் போகுமுன் கெண்டைக்கால் தசையையும் தொடையின் பின்தசையையும் நீட்டினார்கள். செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இரவுக்குச் சராசரியாக 1.2 பிடிப்புகள் குறைந்தன. இங்கிலாந்தில் முன்பு நடந்த ஒரு ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் செலவும் பக்கவிளைவும் இல்லாத ஒன்றை ஆறு வாரம் செய்து பார்ப்பதில் நட்டம் இல்லை.

செய்யும் முறை இது. சுவரைப் பார்த்து ஒரு கை நீளத்துக்கு எட்ட நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்காலின் முழங்கால் மடங்கக் கூடாது, குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முன்காலை மடித்தபடி உடலைச் சுவர் பக்கம் சாய்த்தால் பின்காலின் கெண்டைச் சதையில் இழுப்பு தெரியும். வலிக்கும்வரை போக வேண்டாம். பத்து நொடி பிடித்து, விட்டு, மூன்று முறை. பிறகு அடுத்த கால். பாதத்துக்கென்று தனியாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை மறுதொடைமேல் போட்டு, விரல்களைப் பின்னோக்கி மடக்கிப் பிடித்து, உள்ளங்காலின் நடுவில் தெறித்து நிற்கும் பட்டையை மறுகைக் கட்டைவிரலால் குதிகால் வரை வருடுங்கள். இதைச் செய்யும்போதே சிலருக்கு எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டு இன்னும் மெதுவாகத் தொடங்கலாம்.

நம் பழைய பழக்கம் ஒன்றும் இங்கே கவனத்துக்கு வருகிறது. மேற்கத்திய வாழ்க்கையில் குந்தி உட்காருவது மறைந்துபோனதே கால் பிடிப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று 1988-இல் ஒரு கருதுகோள் வெளியானது. நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல அது. ஆனால் குதிகால் தரையில் பதியக் குந்தும்போது கெண்டைக்காலும் உள்ளங்காலும் நன்றாக நீள்கின்றன என்பது நீங்களே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பூப்பறிக்கவும் காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் கழிப்பறைக்கும் குந்திய தலைமுறைக்கு அந்த நீட்சி தானாகக் கிடைத்தது. நாற்காலியிலும் மேலை நாட்டுக் கழிப்பறையிலும் பழகிய நமக்கு அதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. முழங்கால் தேய்ந்தவர்கள் குந்த வேண்டாம், சுவர் போதும்.

போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாமல் தளர்வாக விடுவதும், கால்மாட்டில் ஒரு தலையணையை நிறுத்திப் பாதத்தை அதில் ஊன்றிப் படுப்பதும் உதவும். குதி உயர்ந்த செருப்பும், விரல்களை நெருக்கும் கூர்முனைக் காலணியும் பாதத்தை நாள் முழுக்கக் குறுகிய நிலையிலேயே பழக்கப்படுத்துகின்றன. கனடாவில் எடுத்த கணக்கில் கால் பிடிப்புக்கான மருந்துச் சீட்டுகள் குளிர்காலத்தைவிடக் கோடையில் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன; ஆகவே கோடை மாதங்களில் இந்தப் பயிற்சிகளைத் தவறவிடாமல் செய்வது நல்லது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? பாதம் அடிக்கடி பிடிப்பதோடு மரத்துப்போவது, எரிச்சல், ஊசி குத்தும் உணர்வு இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது பிடிப்பு அல்ல, இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். புகை பிடிப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், சிவப்பு, சூடு, விடாத வலி இருந்தால் நரம்பு இழுக்கிறது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றே போங்கள், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். தைராய்டு அறுவைக்குப் பிறகு கை விரல்களும் கால் விரல்களும் சேர்ந்து இழுத்தால் கால்சியம் சரிந்திருக்கலாம், அதுவும் அவசரம். பிடிப்போடு கால் பலமிழந்து, சதை மெலிந்து வந்தால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். பிடிப்பு மட்டும் இருந்து பலம் குறையாதவர்கள் இந்தக் கவலையை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பத்தின் பின்மாதங்களில் பிடிப்பு வருவது மிகச் சாதாரணம். மேலே சொன்ன நீட்டல்களே முதல் வழி. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இது தனித் தொல்லை. தண்ணீரையும் உப்பையும் கூட்டுவது அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. சாப்பிடும் மருந்துகளையும் பாருங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின்கள், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் நீண்டநேர மருந்துகள் ஆகியவற்றோடு பிடிப்புக்குத் தொடர்பு இருப்பதைக் கனடா ஆய்வாளர்கள் 2012-இல் கண்டார்கள். மூன்றில் ஆஸ்துமா மருந்தின் தொடர்பே வலுவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் இன்ஹேலரையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எந்தக் காலில், இரவில் எத்தனை மணிக்கு, மாதத்தில் எத்தனை முறை என்று குறித்த தாளையும் அதோடு வைத்து, "இது எதனால டாக்டர்?" என்று கேளுங்கள்.